சத்தம் வெளியே போகாத அறை

பக்கத்து வீட்டுக் கல்லில் தோசை மாவு விழும் சத்தம் எங்கள் அறையில் கேட்கும். கோயம்புத்தூருக்கு வந்த புதிதில் என்னைக் காலையில் எழுப்பியது அதுதான். பீளமேட்டில் நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரை வரை போவதில்லை. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே எழும்பி, அதோடு நின்றுவிடுகிறது. மேலே மிஞ்சும் முக்கோண இடைவெளி எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் தாளித்தால் மற்ற வீட்டில் தும்முவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு வளவின் நடுவில் இருந்தது. சுற்றிவர வேலி, வேலிக்கு அப்பால் ஆள் நடமாடும் ஒழுங்கை. அடுத்த வீட்டில் என்ன சமையல் என்பதை யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். அப்படி இருந்துவிட்டு, வயது போன காலத்தில் அடுத்தவருடைய தோசைச் சத்தத்தில் கண்விழிக்கப் பழகுவது பெரிய காரியமில்லை. பழகிவிட்டேன். எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறதே என்பதற்குத்தான் என்னால் பழக முடியவில்லை.

ஊரில் இருக்கும் நீங்களும், என்னைப் போல வெளிக்கிட்டு எங்கெங்கோ போய்ச் சேர்ந்த நீங்களும் என் மனைவி யோகத்தைப் பற்றி விசாரித்து எழுதுகிறீர்கள். "சுகமாக இருக்கிறா" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டுவந்தேன். அது பொய். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதி முடித்துவிட்டால் இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

பீளமேட்டுக்குக் கிட்டத்தான் விமான நிலையம். சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்வருகிற விமானங்கள் பகல் வேளைகளில் எங்கள் ஓட்டுக்கு மேலால் தாழ்ந்து போகும். இந்த ஊர்க்காரர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. எங்களுக்கு இந்த அறையைப் பிடித்துத் தந்தவன், ஊரில் என்னிடம் படித்துவிட்டு இங்கே ஒரு கல்லூரியில் வேலைக்கு வந்திருந்த பையன். அந்தச் சத்தம் யோகத்தை என்ன செய்யும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியது எனக்கு. வீடு கிடைத்ததே என்கிற நிம்மதியில் நான் எதையும் யோசிக்கவில்லை. இலங்கைத் தமிழர் என்று சொன்னதும் "இப்பத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டோம்" என்று மிகப் பணிவாகக் கதவைச் சாத்திய வீடுகள் அந்த வருடங்களில் நிறைய.

வந்து இறங்கிய முதல் நாளே விமானம் வந்தது. யோகம் கையிலிருந்த சட்டியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். "பிள்ளையள், ஓடி வாங்கோ. கெதியா உள்ளுக்கை வாங்கோ" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளைத் தோளில் பிடித்து உள்ளே இழுத்தேன்.

ஊரில் எங்கள் வளவில் ஒரு பங்கர் வெட்டியிருந்தோம். பனங்குற்றிகளை மேலே அடுக்கி, மண்மூடைகளால் மூடிய குழி. ஒழுங்கையில் இருந்த பலருடைய வளவில் குழி வெட்ட இடமில்லை. ஆகவே அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் எங்களிடம்தான் வருவார்கள். விமானத்தின் இரைச்சல் கேட்டதும் யோகம் வாசல் படலையில் போய் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகுதான் தான் இறங்குவாள். ஒரு நாள் தையற்காரருடைய மகள் வரவில்லை. யோகம் மறுபடி மேலே ஏறப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறிய திமிறலில் கண்ணாடி வளையல் உடைந்து என் உள்ளங்கையில் ஏறியது. நான் விடவில்லை. வெளியே வந்தபோது ஒழுங்கையில் தையற்காரர் வீடு இருந்த பக்கமே இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னைக் குறை சொன்னதே கிடையாது. ஆனால் கூப்பிடும் குரல் மாறிவிட்டது. அதுவரை அது அழைப்பு, பிறகு அலறல்.

பீளமேட்டில் அந்த அலறலுக்கு முதலில் வந்தவர்கள் பழனாத்தாளின் பிள்ளைகள். பழனாத்தாள் எங்கள் தோசைச் சத்தத்துக்காரி. கணவருக்கு மோட்டார் பம்பு செய்கிற பட்டறையில் வேலை. அவளுடைய பையனும் பெண்ணும் மூன்றாவது, நான்காவது படிக்கும் வயது. "வாங்கோ" என்றால் வர வேண்டும் என்று நினைத்தார்களோ, விளையாட்டு என்று நினைத்தார்களோ, ஓடிவந்து யோகம் காட்டிய கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். விமானம் போனதும் யோகம் அவர்களுடைய தலைகளைத் தொட்டு எண்ணினாள். ஆளுக்கொரு கற்கண்டு கொடுத்தாள். அன்று மாலை அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், எனக்குப் பட்டது வெட்கம்தான்.

மன்னிப்புக் கேட்கப் பழனாத்தாளிடம் போனேன். அவள் சிரித்தாள்.

"அட, அதுக்கென்னங்க வாத்தியாரே. கட்டுலுக்கடியில சித்தெ நேரம் உக்காந்துட்டு வந்தா என்ன தேஞ்சா போயிருவாங்க. நாங் கூப்புட்டா ஒருநாளாச்சும் இப்படி ஓடியாந்திருக்குதுங்களா இதுக ரெண்டும்? அம்மா ஒரு சத்தம் போட்டாப் போதும், பறந்துட்டு வருதுங்க."

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பள்ளி விடுமுறை என்றால் வரிசையில் உள்ள மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாகப் பழனாத்தாள், "ஏனுங்கம்மா, எல்லாம் வந்துட்டாங்களா, ஒண்ணு கொறையுதுங்களா" என்று கேட்பாள். "எல்லாரும் இருக்கினம் மேனை, நீரும் வாரும்" என்பாள் யோகம். ஒருத்தி பேச்சு மற்றவளுக்குப் பாதிதான் விளங்கும். அது அவர்களுக்குப் போதுமாயிருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

மற்றப் பக்கத்து அறையில் சின்னசாமி இருந்தார். மில்லில் இரவு ஷிப்ட். பகலில்தான் அவர் தூங்க வேண்டும். விமானங்களும் பகலில்தான் வந்தன. ஒரு நாள் குழாயடியில் என்னைப் பார்த்து, சிவந்த கண்களோடு நின்றார். "ஒண்ணுமில்லீங்க வாத்தியாரே. பகல்ல கொஞ்சங் கண்ணசந்தாத்தானுங்க ராத்திரி மிசினுகிட்ட நிக்க முடியும். அம்மாவையச் சொல்லலீங்க. பாவம், அவங்க என்னங்க பண்ணுவாங்க." அவ்வளவுதான் சொன்னார். மறுவாரம் வீட்டுக்காரர் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற, வெள்ளை வேட்டி கசங்காத மனிதர். வாசலில் நின்றபடியே, "அம்மாவுக்கு இந்த எடம் தோதுப்படுதுங்களா?" என்று கேட்டார். "நல்லாத் தோதாக இருக்கு" என்றேன். "சரிங்க, சும்மாதானுங்க கேட்டேன்" என்று போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கோபம் என்றால் வேலிக்கு மேலால் நேரே ஏசுவார். மறுமொழியும் சொல்லலாம். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு, அதே குரலில்தான் விருந்துக்கும் கூப்பிடுகிறார்கள், வீட்டைக் காலி பண்ணவும் சொல்கிறார்கள். இந்த மரியாதைக்குள்ளே கோபம் எத்தனை பாகை என்று அளக்கும் கருவி என்னிடம் இல்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை. வெளியேற்றினால் மறுபடி வீடு தேட வேண்டும். போலீஸ் நிலையத்தில் போய் மறுபடி பதிய வேண்டும். இந்த வயதில், முதலில் இருந்த மண்டபம் அகதி முகாமுக்குத் திரும்பிப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சின்னசாமி சொன்னது வெறும் களைப்பா, வீட்டுக்காரர் கேட்டது வெறும் விசாரிப்பா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பழனாத்தாளிடமாவது கேட்டிருக்கலாம்.

நான் ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். ஒலி என்ற பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு எடுத்திருக்கிறேன். ஒலி பரவ ஊடகம் வேண்டும். கடினமான சுவர் ஒலியைத் திருப்பி எறியும், மென்மையான நார் அதை விழுங்கும். ஊரைவிட்டு வந்தபின் என் படிப்பு யாருக்கும் தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டது. பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப்போய்த் தென்னைநார் வாங்கி வந்தேன். மில்களில் கழித்துவிடுகிற பஞ்சு இங்கே சாக்குச் சாக்காகக் கிடைக்கும். சுவர்களில் மூங்கில் தப்பைகளை அடித்து, நாரும் பஞ்சும் திணித்த சாக்குகளை அவற்றில் நெருக்கமாக வைத்துத் தைத்தேன். சாக்குக்கும் சுவருக்கும் இடையில் விரல் அகலத்துக்குக் காற்று விட்டேன். அது புத்தகத்தில் இருப்பது. கதவின் உட்புறத்துக்கு ஒரு மெத்தை. ஜன்னலுக்கு, வெளிச்சம் வேண்டுமே என்று, அசையாத ஒரு கண்ணாடி. கடைசியாக, ஏணி போட்டு ஏறி, சுவருக்கு மேலிருந்த இடைவெளிகள் இரண்டையும் அடைத்தேன். பழனாத்தாள் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் எங்கள் கூரையில் ஒரு பட்டையாக விழும். கடைசி மூடையைத் திணித்ததும் அது அணைந்துபோயிற்று.

யோகம் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்துக்கப்பா இது?" என்று ஒருமுறைதான் கேட்டாள். "உமக்குப் பிளேன் சத்தம் கேளாமல் இருக்கத்தான்" என்றேன். அது பாதி உண்மை. பழனாத்தாளிடம் போய், அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், பிள்ளைகளை இனி அனுப்ப வேண்டாம் என்றேன். அது முழுப் பொய். எந்த டாக்டரிடமும் நான் அவளைக் கூட்டிப்போகவில்லை. பழனாத்தாள் என் முகத்தைப் பார்த்தாள். "வாத்தியாரு சொன்னாச் சரிங்க" என்றாள்.

சோதித்துப் பார்ப்பதற்காக டிரான்சிஸ்டரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சின்னசாமியைக் கூப்பிட்டேன். அவர் கதவில் காதை வைத்தார்.

"உள்ள ரேடியோ பாடுது" என்றேன்.

"பாடுதுங்களா? ரிப்பேரான ரேடியோவ வெச்சுட்டு என்னைய ஏமாத்தறீங்க வாத்தியாரே."

கதவைத் திறந்து காட்டினேன். அவர் வாயைப் பிளந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாடுவிட்டு வந்தபின் நான் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் அங்கே நிற்கும்போதே விமானம் வந்தது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் யோகம் அறையின் நடுவில் நின்றாள். வாய் திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. வகுப்பில் நாங்கள் செய்து காட்டும் ஒரு பரிசோதனை உண்டு. கண்ணாடிச் சாடிக்குள் மின்மணியைத் தொங்கவிட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்போம். சுத்தியல் மணியை அடிப்பது தெரியும், ஒலி கேட்காது. பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று அதே ஆசிரியனாகப் பெருமைப்பட்டேன். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன். என் மனைவி உள்ளே அலறிக்கொண்டிருந்தாள். பரிசோதனை வெற்றி என்று நான் வெளியே நின்று மகிழ்ந்தேன்.

சில வாரங்களில் அவள் அலறுவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. மெத்தையையும் ஓடுகளையும் தாண்டி விமானத்தின் அதிர்வு கொஞ்சம் வரத்தான் செய்யும். அப்போதும் அவள் அசையாமல் இருந்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். சின்னசாமியும் தூங்கினார். "இப்பத்தானுங்க மனுசனாட்ட இருக்கறேன்" என்று எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொடுத்தார். உங்களுக்கெல்லாம் "சுகம்" என்று எழுதத் தொடங்கியது அப்போதுதான். அவளும் சாப்பிட்டாள், குளித்தாள், சொன்னதைச் செய்தாள். கதைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். அறைக்குள் புழுக்கம், பஞ்சின் எண்ணெய் வாடை; அதனால் வந்த சோர்வு என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஒரு நோன்பு நாளில் பழனாத்தாள் கச்சாயம் என்கிற வெல்லப் பணியாரம் சுட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கதவைத் திறந்தேன். யோகம் அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள். மெதுவாகக் கிட்ட வந்து, கை நீட்டி, அவளுடைய கன்னத்தை விரல் நுனியால் தொட்டாள். கண்ணீர் வடிந்தது.

"உனக்கு என்னம்மா வயசு, போறதுக்கு" என்றாள். "நான் கூப்பிட்டனான் மேனை. எவ்வளவு கூப்பிட்டனான். உன்ரை பிள்ளையளாவது ஓடி வந்திருக்கலாமே."

பழனாத்தாள் தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "அம்மா என்னங்க சொல்லுது? கோவமுங்களா எம்மேல?"

"இல்லை. கச்சாயத்துக்குச் சந்தோசப்படுறா" என்றேன்.

அவள் போனபின் யோகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவள் சாதாரணமாக, தெரிந்த செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள். விமானம் வந்ததாம். கூப்பிட்டாளாம். ஒருவரும் வரவில்லையாம். மறுபடி மறுபடி கூப்பிட்டாளாம். பக்கத்தில் சமையல் சத்தம் இல்லை, பேச்சு இல்லை, பிள்ளைகள் படிக்கும் சத்தம் இல்லை. "ஒழுங்கை முழுக்கக் குண்டு போட்டுதப்பா. நாங்கள் மட்டும் பங்கருக்குள்ளை இருக்கிறம்."

"இல்லை யோகம். அவையள் எல்லாரும் இருக்கினம். நான்தான் சுவரை அடைச்சனான். இஞ்சை பாரும்" என்று சாக்கைத் தட்டிக் காட்டினேன்.

"எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ" என்றாள். "அண்டைக்கும் நீங்கள்தான் என்னைப் பிடிச்சு வைச்சனீங்கள். உங்களிலை பிழை இல்லை."

அப்போதுதான் அறையைப் பார்த்தேன். சாக்கு மூடைகள், மூங்கில், அடைத்த கூரை, ஒரு சின்ன வெளிச்சம். குண்டு விழாத ஊருக்கு அவளைக் கூட்டிவந்து, அங்கே என் கையால் ஒரு பங்கர் கட்டி, அதற்குள் அவளை இருத்தியிருந்தேன். பிள்ளைகளை மட்டும் வெளியே விட்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அன்றே பிய்த்தேன். முற்றத்தில் நாரும் பஞ்சும் குவிந்தன. சத்தம் கேட்டு வந்த பழனாத்தாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அதுவரை அவள் வாசலைத் தாண்டியதில்லை. ஒரு மூடையைத் தொட்டு அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் பொய் உட்பட.

"நாங்க ஆராச்சும் ஒரு வார்த்தை சொன்னமுங்களா?" என்றாள். குரலில் வழக்கமான பணிவு இருந்தது. ஆனால் இந்தமுறை அதற்குள் இருந்த கோபத்தை அளக்க எனக்குக் கருவி தேவைப்படவில்லை. "சின்னசாமியண்ணன் தூக்கம் வருலைன்னு வேப்பமரத்துகிட்டயும் சொல்லுமுங்க. அதுக்கு ஒரு மனுசிய இப்படிப் பொதைச்சுப்போடுவீங்களா? படிச்சவங்க நீங்க."

மறுநாள் அவளே பிள்ளைகளை அனுப்பினாள். விமானம் வந்த நேரத்தில் இரண்டு பேரும் ஓடிவந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்தார்கள். யோகம் குனிந்து அவர்களைப் பார்த்தாள். எத்தனை அன்பு அந்தப் பார்வையில். "பயப்பிடாதேங்கோ பிள்ளையள்" என்றாள். "இனி உங்களுக்கு ஒண்டும் நடக்காது."

பிள்ளைகள் சிரித்தார்கள். தைரியம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். இறந்துவிட்ட பிள்ளைகளிடம் பேசுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் தலைகளைத் தொட்டு எண்ணவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பாள்.

பிறகு டாக்டரிடம் போனோம். மாத்திரைகள் தந்தார், தூங்குகிறாள். சுவருக்கு மேலால் பழனாத்தாள் தினமும் பேசிப் பார்க்கிறாள். யோகம் அண்ணாந்து கேட்கிறாள், பதில் சொல்வதில்லை. உயிரோடு இல்லாதவர்களுக்குப் பதில் சொன்னால் அவர்களால் போக முடியாது என்று ஒருநாள் என்னிடம் விளக்கினாள். இப்படியே காலம் ஓடுகிறது. வீட்டுக்காரர் இன்றுவரை எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. இன்னமும் எப்போதாவது வந்து, இந்த இடம் தோதுப்படுகிறதா என்று கேட்கிறார். உண்மையாகவே அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று இப்போது புரிகிறது.

இப்போது கூப்பிடுவது நான். இரைச்சல் கேட்டதும் வாசலுக்குப் போய் நின்று, நாற்பது பேர் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைவரை கேட்கப் பேசிய தொண்டையால், "பிள்ளையள், ஓடி வாங்கோ, கெதியா வாங்கோ" என்று கத்துகிறேன். அவள் காதில் விழட்டும், யாரோ கூப்பிடுகிறார்கள், யாரோ வருகிறார்கள் என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான். சின்னசாமி ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். "கூப்புடுங்க வாத்தியாரே, நா அப்பறமாத் தூங்கிக்கறனுங்க" என்று உள்ளே போய்விட்டார். பழனாத்தாளின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கட்டிலுக்கடியில் கால் மடங்குவதில்லை. இருந்தும் "வாரனுங்க தாத்தா" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள், கழுத்தைச் சாய்த்து இடம் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் வாசலிலேயே நிற்கிறேன். சக்கரங்களை நீட்டிக்கொண்டு விமானம் கூரைக்கு மேலே தாழ்கிறது. அதற்குள் இருப்பவர்கள் இந்நேரம் ஜன்னலோரம் சாய்ந்து, கீழே தங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடித்திருப்பார்கள்; யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கைநீட்டிக் காட்டியிருப்பார். அவர்கள் ஊர் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்குக் கீழே, அவர்களுடைய ஊரில், அவர்களுடைய பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு, எங்கள் ஊரில் விழுந்த குண்டு இங்கே விழாமல் கடந்துபோகும் வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் யோகம் கைகளை மடியில் வைத்தபடி, வெறுஞ்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.